குவின்ஸ் மரத்துக்கு வடக்கு மதில் வேண்டாம்

ஆசிரியருக்கு,

சென்ற வாரத் தோட்டப் பக்கத்தில், பேரிக்காய் போன்ற மஞ்சள் பழம் தரும் குவின்ஸ் மரம் பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். இந்த மரத்தை இங்கிலாந்தில் வீட்டுத்தோட்டம் செய்யும் நம்மவர்களுக்கு அறிமுகப்படுத்தியது நல்ல காரியம். ஆனால் வடக்குப் பார்த்த மதிலோரத்திலும் நடலாம், அப்பிளைப் போலக் கிளைகளைக் கம்பியில் கிடையாகக் கட்டி வளர்க்கலாம் என்று அதில் இருந்த இரண்டு யோசனைகளையும் தயவுசெய்து திருத்துங்கள். நம்பி நட்டவர்கள் காய்க்காத மரத்தைப் பல வருடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிவரும்.

நிழல் மதிலிலும் சமாளித்து வளர்வது ஜப்பானியக் குவின்ஸ். அது முள் உள்ள புதர்; குளிர் முழுதாக விலகும் முன்பே சிவப்பாகப் பூக்கும், காய் சிறியது. ஒக்டோபரில் துருக்கிக் கடைகளில் மஞ்சளாக, கனமாக, மேலே சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டியபடி வருகிறதே, பெருவிரலால் தேய்த்தால் அந்தப் பஞ்சு உருண்டு வந்துவிடும், நாம் பேசும் குவின்ஸ் அதுதான், வேறு மரம். அதற்கு நல்ல வெய்யில் வேண்டும்.

வெய்யில் மட்டும் போதாது, கோடையில் ஈரமும் வேண்டும். இடம் தேடும்போது சிக்கல் இங்கேதான் வருகிறது. தெற்குப் பார்த்த மதிலடி சூடானதுதான், ஆனால் மழை அங்கே குறைவாகவே விழும். செங்கல்லும் அத்திவாரமும் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். ஜூலை மாதம் அந்த மண்ணில் விரலை விட்டுப் பார்த்தால் தெரியும். குவின்ஸ் வேர் அதிகம் ஆழம் போவதில்லை, அதனால் காய் பருக்கும் காலத்தில் காய்ந்த மண் அதற்கு ஆகாது.

ஆகவே லண்டனிலும் தெற்கிலும் இருப்பவர்கள் மதிலைத் தேட வேண்டாம் என்பது என் கருத்து. அந்த மதிலைப் பயற்றங்காய்க்கும் தக்காளிக்கும் விட்டுவிடுங்கள். ஹரோவில் எங்கள் பின்வளவு களிமண். புல்தரையின் நடுவில், நாலு பக்கமும் தள்ளி, தனி மரமாகவே வைத்திருக்கிறோம். தண்ணீர் தேங்காதவரை களிமண் இதற்கு நல்லது. வளவு சரிவாக இருந்தால் அடியில் வேலியோடு ஒட்டிய மூலையை மட்டும் தவிருங்கள், இரவில் குளிர்காற்று அங்கேதான் இறங்கி நிற்கும். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் பூக்கும் மரம் என்றாலும், பிந்தி வரும் உறைபனி பூவைக் கருக்கிவிடும். அந்த மொட்டைக் கிட்டப்போய்ப் பாருங்கள்: மடக்கிச் சுற்றிய குடை மாதிரி, வெள்ளையில் இளஞ்சிவப்புக் கோடு சுழன்று போகும். ஒரு குச்சி நுனிக்கு ஒரு பூதான். தன் மகரந்தத்திலேயே காய்க்கும், இரண்டாவது மரம் தேவையில்லை.

குளிர் கூடிய வடக்கே, லீட்ஸ், நியூகாசில், கிளாஸ்கோ பக்கம் இருப்பவர்களுக்கு மதில் வேண்டும்தான். தெற்கு அல்லது தென்மேற்குப் பார்த்ததாக, நாலு மீற்றர் அகலமாவது இருக்கட்டும். கன்றை மதிலோடு ஒட்டாமல் 30 சென்ரிமீற்றர் தள்ளி நட்டு, தண்டை மதில் பக்கம் சற்றுச் சாய்த்துவிடுங்கள். அடியில் மக்கிய எருவைத் தடிப்பாகப் பரப்பி, கோடையில் தண்ணீர் ஊற்றத் தவறாதீர்கள்.

அப்புறம், கட்டும் முறை. குவின்ஸ் பெரும்பாலும் முந்தின வருடம் வளர்ந்த குச்சிகளின் நுனியில்தான் காய்க்கும். கிளைகளைக் கிடையாகக் கட்டி, பக்கக் குச்சிகளை எல்லாம் ஒட்ட நறுக்குகிற அப்பிள் முறையில் அந்த நுனிகள் போய்விடும். மரம் பச்சையாக, அழகாக நிற்கும், காய்தான் இருக்காது. விசிறி வடிவமே சரி. தண்டைத் தாழ்வாக வெட்டி, இடமும் வலமும் ஒவ்வொரு கிளையை மூங்கில் குச்சியில் சாய்வாகக் கட்டி, அவற்றிலிருந்து வருவதை விரித்துக்கொண்டே போக வேண்டும். பிறகு வருடாவருடம் பழைய குச்சிகள் சிலதை மட்டும் அடியோடு எடுத்து, புதியதை அந்த இடத்தில் கட்டினால் போதும். நெருக்கமாக விடாதீர்கள், காற்றோட்டம் இல்லாவிட்டால் மழைக்காலத்தில் இலைப்புள்ளி நோய் பரவி, இலை முன்கூட்டியே கொட்டும்.

இடம் சிறியதா, மரத்தை அதிகம் பெருக்க விடாத குவின்ஸ் சி என்ற அடிக்கன்றில் (வேர்ப் பகுதியாக அமையும் கன்று) ஒட்டியதைக் கேட்டு வாங்குங்கள். வகையில் விரான்யா பெரிய பழம் தரும், மீச்ஸ் புரொலிஃபிக் சீக்கிரம் காய்க்கத் தொடங்கும். மண் இல்லாமல் வெறும் வேரோடு வரும் கன்றுகள் நவம்பரிலிருந்து மார்ச் வரை கிடைக்கும், தொட்டிக் கன்றைவிட விலையும் குறைவு. வாசகர்கள் அதற்கு முன்பு இடத்தை முடிவுசெய்ய வசதியாக, அடுத்த இதழிலேயே திருத்தத்தைப் போட்டுவிட்டால் நன்று.

ஒரு வாசகி,
ஹரோ