வீட்டுப்பாடச் செயலி குறித்துக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். வீட்டுப்பாடங்கள் அனைத்தும் இனிக் கைப்பேசிச் செயலி வழியாக மட்டுமே ஒப்படைக்கப்பட வேண்டும், இரவு எட்டு மணிக்குப் பின் வருபவை தாமதமாகக் கொள்ளப்பட்டு மதிப்பெண் குறைக்கப்படும் என்ற சுற்றறிக்கையின் பின்னணியைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். அது நடைமுறைக்கு வந்தபின் என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லி, ஒரு கோரிக்கையை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

என் மாணவி ஒருத்தி ஒளிவிலகல் பாடத்துக்கான பயிற்சியைக் குறிப்பேட்டில் முழுமையாகச் செய்து கொண்டுவந்தாள். படுகதிர், விலகுகதிர், செங்குத்துக்கோடு என ஒவ்வொன்றையும் அளவுகோல் வைத்து வரைந்து, கோணங்களைக் குறித்திருந்தாள். செயலியில் அவள் பெயருக்கு நேரே ‘ஒப்படைக்கவில்லை’ என்று சிவப்பில் இருந்தது. அவள் வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அது தந்தையுடன் வேலைக்குப் போய், அவருடன் இரவு பத்து மணிக்கு மேல்தான் திரும்புகிறது. அதற்குப் பிறகும் அது அவள் கைக்கு உடனே வருவதில்லை, தம்பிக்கும் வீட்டுப்பாடம் இருக்கிறது. தம்பி உள்நுழைந்தால் அக்காவின் கணக்கு வெளியேறிவிடும். அவள் மீண்டும் நுழைய, ஒருமுறைக் கடவுச்சொல் குறுஞ்செய்தியாக வரும்வரை காத்திருக்க வேண்டும். பாடப் பக்கமோ அகன்ற தாளுக்காக அமைக்கப்பட்ட பிடிஎஃப். எழுத்து தெரியும் அளவுக்குப் பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விடுகிறது. ஒவ்வொரு வரியையும் இடமும் வலமுமாகத் தள்ளித் தள்ளித்தான் படிக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு விடையைப் படமெடுத்து ஏற்றும்போது இணைப்பு அறுந்தால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தச் சிவப்பு எழுத்தை மாற்றும் அதிகாரம் ஆசிரியரான எனக்கு இல்லை. செய்து முடித்த குறிப்பேடு என் மேசையில் திறந்திருக்க, அவள் செய்யவில்லை என்று கூறும் பதிவேட்டுக்கு நான் உடன்பட வேண்டியிருக்கிறது. இதை என்னால் ஏற்க இயலவில்லை.

என் கோரிக்கை இதுதான்: இணைய இணைப்பு இல்லாதபோதும் பாடத்தைத் திறக்கவும் விடையைப் பதியவும் இயலும்படி செயலியை மாற்றுங்கள், மாற்றி முடிக்கும்வரை, குறிப்பேட்டில் எழுதியதை ஒப்படைத்ததாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

கைப்பேசி வேண்டாம் என்று சொல்பவன் அல்லன் நான். கீழே விழும் பந்தை மெதுவசைவுக் காணொளியாக எடுத்து, ஒவ்வொரு சட்டகத்திலும் அது கடக்கும் தொலைவு கூடுவதை மாணவர்களே அளந்து பார்த்தபோது, முடுக்கம் என்பதை நான் விளக்க வேண்டிய தேவையே பெரிதாக இருக்கவில்லை. தான் படிப்பதைத் தானே பதிவுசெய்து கேட்கும் மாணவன் தன் உச்சரிப்பைத் தானே திருத்திக்கொள்கிறான். பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு, திரையில் உள்ள எழுத்தைக் குரலாகப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் கொண்ட கைப்பேசி பெரும் துணை. ஆனால் செயலியில் உள்ள பல பாடங்கள் தாள்களை வருடி எடுத்த வெறும் படங்கள். அவற்றில் திரைவாசிப்பான் படிப்பதற்கு எழுத்தே இல்லை. ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவையோ, வாசிக்கும்போது பொருளற்ற ஒலிகளாகவே வருகின்றன. யாருக்கு இக்கருவி மிகவும் தேவையோ அவர்களுக்கே அது பயன்படாமல் போகிறது.

நான் கேட்பது புதிய கண்டுபிடிப்பு எதையும் அன்று. திரையின் அகலத்துக்கேற்ப வரிகள் தாமே மடங்கும் இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவம் நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ளது. இணையமே இல்லாத பள்ளிகளில் பாடங்களை உள்வலையமைப்பு வழியே வழங்கும் கொலிப்ரி போன்ற கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. மாணவி விடை எழுதிய நேரத்தைக் கருவியிலேயே குறித்துவைத்து, இணைப்புக் கிடைக்கும்போது அனுப்புவது செயலி உருவாக்குபவர்கள் எல்லோரும் அறிந்த முறைதான். 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, உலகெங்கும் குறைந்தது 46.3 கோடிக் குழந்தைகளுக்குத் தொலைநிலைக் கல்வி எட்டவில்லை என யுனிசெஃப் கணக்கிட்டது. கல்வியில் தொழில்நுட்பம் பற்றி 2023இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையும், அது பொருத்தமானதா, எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கிறதா என்ற கேள்விகளை எழுப்பியது. இவற்றையெல்லாம் பார்த்த பிறகும், எப்போதும் இணைப்பில் இருக்கும் சொந்தக் கைப்பேசி ஒவ்வொரு மாணவரிடமும் இருக்கிறது என்ற அனுமானத்தில் ஒரு செயலியை எப்படிக் கட்டாயமாக்க முடிந்தது?

ஆய்வுக் கூட்டங்களில் எத்தனை விழுக்காட்டினர் உள்நுழைந்தார்கள் என்று எங்களிடம் கேட்கிறீர்கள். எத்தனை பேருக்குப் பாடம் புரிந்தது என்று யாரும் கேட்பதில்லை. பள்ளி வளாகத்துக்குள் கைப்பேசிக்குத் தடை விதித்த அதே துறை, வீட்டில் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்தச் செயலியைத் தேர்ந்தெடுக்கும் முன் நாள்தோறும் மாணவர்கள் முன் நிற்கும் எங்களில் ஒருவரிடமேனும் கருத்துக் கேட்டதாக நான் அறியேன். இவை தனியே பேச வேண்டியவை என்பதால், என் கோரிக்கைக்கே திரும்புகிறேன்.

இணைப்பின்றி இயங்கும் செயலியைத் தாருங்கள். அதுவரை குறிப்பேட்டை ஏற்றுக்கொண்டு, எட்டு மணிக் கட்டுப்பாட்டை நிறுத்திவைத்து, தவறான பதிவுகளைத் திருத்தும் உரிமையை வகுப்பாசிரியர்களுக்கு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே குறைக்கப்பட்ட மதிப்பெண்கள் பருவப் பட்டியல் தயாராகும் முன் திரும்ப வழங்கப்பட வேண்டும். புதிய பதிப்பை வெளியிடும் முன், நினைவகம் குறைந்த பழைய கைப்பேசி ஒன்றில், இணைப்பைத் துண்டித்துவிட்டு, இரண்டு மாணவர்களின் கணக்குகளைக் கொண்டு சோதித்துப் பாருங்கள். அழைத்தால், அந்தச் சோதனைக்கு வேண்டிய பாடங்களுடன் நானும் என் சக ஆசிரியர்களும் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர் ஒருவர்