ஆண்டறிக்கை 2011–12: டிராக் இல்லாத டைம்லைனும் நம் சங்கமும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, எடிட்டர் நண்பர்களே, வணக்கம்.

2011 ஏப்ரல் முதல் 2012 மார்ச் வரையிலான சங்க நடவடிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன். வழக்கமாக இந்த அறிக்கை இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். எத்தனை கூட்டம், யார் வந்து பேசினார்கள், யார் சந்தா பாக்கி, அவ்வளவுதான். இந்த முறை நீண்டுவிட்டது. ஆண்டு முழுக்க ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்: ஆப்பிளின் புதிய படத்தொகுப்பு மென்பொருள். பேசினோம் என்பதைவிட மல்லுக்கட்டினோம் என்று எழுதுவதுதான் நியாயம்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஒலிக்கலவை பற்றிய ஒரு நாள் வகுப்பு நன்றாக அமைந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நூலகத்திலிருந்து இரவல் போன இரண்டு புத்தகங்கள் இன்னும் திரும்பவில்லை. யாரிடம் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும், இங்கே பெயர் சொல்லப் போவதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஏப்ரல் 12 அன்று லாஸ் வேகாஸில், ஒளிபரப்புத் துறையினர் ஆண்டுதோறும் கூடும் என்.ஏ.பி. கண்காட்சியை ஒட்டி நடந்த எடிட்டர் கூட்டத்தில், ஆப்பிள் தன் புதிய ஃபைனல் கட் புரோ எக்ஸை மேடையேற்றிக் காட்டியது. அடுத்த நம் மாதக் கூட்டத்தில் ஒரே கொண்டாட்டம். அதில் தப்பு சொல்ல முடியாது. நம்மில் பாதிப் பேர் பிழைப்பு நடத்திவந்த ஃபைனல் கட் புரோ 7 ஒரு 32 பிட் மென்பொருள். கணினியில் எவ்வளவு நினைவகம் போட்டாலும் 4 ஜி.பி.க்கு மேல் அதற்கு எட்டாது. எஃபெக்டுகளைக் கணினி கணக்கிட்டு முடிக்கும் ரெண்டர் பட்டை நகர்வதைப் பார்த்தபடி கைகட்டி உட்கார்ந்தே நம் ஆயுளில் பாதி போயிருக்கும். புதியது 64 பிட், அடியிலிருந்து புதிதாக எழுதப்பட்டது, நாம் வெட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் ரெண்டர் செய்துகொள்ளும் என்றார்கள். அதை வடிவமைத்தவர் ராண்டி உபியோஸ். அடோபியின் படத்தொகுப்பு மென்பொருளான பிரீமியரின் முதல் பதிப்பை உருவாக்கியவரும் அவரே, 1999இல் வெளிவந்த முதல் ஃபைனல் கட் புரோவுக்குப் பின்னால் இருந்தவரும் அவரே. இதைவிட என்ன உத்தரவாதம் வேண்டும் என்று இருந்துவிட்டோம்.

அந்தக் கூட்டத்தின் குறிப்பேட்டைச் சென்ற வாரம் புரட்டினேன். "உறுப்பினர்கள் மகிழ்ச்சி தெரிவித்தனர்" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. பழைய மென்பொருளில் வெட்டிவைத்த பிராஜெக்ட் அதில் திறக்குமா என்ற ஒரு கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

ஜூன் 21ஆம் தேதி வந்தது. விலை 299.99 டாலர், இணையத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். முன்பு ஃபைனல் கட் ஸ்டூடியோ தொகுப்பு 999 டாலர், ஆகவே விலையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தது மற்றவற்றுக்கு. பழைய பிராஜெக்ட் திறக்காது. பல கேமராக்களில் எடுத்ததை ஒன்றாக வைத்து வெட்டும் மல்ட்டிகேம் இல்லை. ஒலிக்கலவைக்குக் கொடுக்க ஓ.எம்.எஃப். இல்லை, நிறம் சரிசெய்யும் கலரிஸ்டுக்குக் கொடுக்க இ.டி.எல். இல்லை, எக்ஸ்.எம்.எல். இல்லை. வெட்டியதை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் கோப்பு வடிவங்கள் இவை. டேப்பில் ஏற்றித் தரும் வழி இல்லை. கார்டு வழியாக ஒளிபரப்பு மானிட்டரில் முறையாகப் படம் பார்க்க முடியாது. ஒலியை வெளியே அனுப்ப வேண்டுமென்றால் ஆட்டோமேட்டிக் டக் என்ற நிறுவனத்தின் செருகுநிரல் ஒன்று இருந்தது, விலை 495 டாலர். குதிரையை விட லாடம் அதிகம் என்று ஒரு உறுப்பினர் சொன்னதைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்.

இவை எல்லாவற்றையும் விட ஒன்று உறுத்தியது. அதே நாளில் பழைய தொகுப்பின் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்த கலர், சவுண்ட்டிராக் புரோ, டிவிடி ஸ்டூடியோ புரோ என்ற துணை மென்பொருள்கள் எல்லாம் அதோடு போயின. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான், ஃபைனல் கட் புரோவில் வெட்டிய ஒரு படம் சிறந்த படத்தொகுப்புக்கான ஆஸ்கரை வாங்கியிருந்தது. நான்கு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

ஜூன் கடைசியில் அவசரக் கூட்டம் கூட்டினோம். செயலாளர் என்பதால் புதியதைத் திரையில் ஓட்டிக்காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு பேட்டியை வெட்டி வரிசைப்படுத்தினேன். முதல் ஷாட்டின் கீழே ஒரு இசைத்துண்டை வைத்தேன். பழக்கதோஷத்தில் அது ஏதோ ஒரு டிராக்கில், அதாவது படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனியாக ஒதுக்கிய வரிசைகளில் ஒன்றில், தானாகக் கிடக்கும் என்று நினைப்பு. பிறகு, ஆரம்பம் கொஞ்சம் நீளம் என்று சொல்லி அந்த முதல் ஷாட்டை நீக்கினேன். மற்ற ஷாட்டுகள் சறுக்கிவந்து இடத்தை அடைத்துக்கொண்டன. இசையைக் காணோம். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அண்ணே, மியூசிக் எங்கே போச்சு?"

மென்பொருள் மேல் குற்றமில்லை. அதில் டிராக் கிடையாது. நடுவில் ஒரு முதன்மைக் கதைவரிசை, மற்றதெல்லாம் அதிலுள்ள ஏதோ ஒரு ஷாட்டோடு கோர்க்கப்பட்டது. ஷாட் நகர்ந்தால் கூடவே நகரும், ஷாட் போனால் கூடவே போகும். ஷிஃப்ட்டோடு டெலீட் அழுத்தியிருந்தால் ஷாட் இருந்த இடத்தில் வெற்றிடம் நின்றிருக்கும், இசையும் தப்பியிருக்கும். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. இதற்கிடையே கை பதறிச் சுட்டி நகர நகர, தொட்ட ஷாட்டெல்லாம் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. ஸ்கிம்மிங் என்ற வசதி அது. சேவ் செய்யலாம் என்று விரல் போனால் சேவ் என்ற கட்டளையே இல்லை, தானே சேமித்துக்கொள்ளுமாம். இருபது நிமிட விளக்கம் என்று அறிவித்தது ஏழு நிமிடத்தில் முடிந்தது.

அப்புறம் விவாதம். இளையவர்கள் ஒரு பக்கம், பழையவர்கள் ஒரு பக்கம் என்று பிரிவார்கள் என எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. ஃபிலிமில் கைவெட்டு வெட்டிய நம் மூத்த உறுப்பினர் எழுந்து, "இதுல என்னப்பா புதுசு? நாங்க ரீல்ல ஒரு துண்ட எடுத்துட்டு ஒட்டினா பின்னாடி இருக்கிறது எல்லாம் முன்னாடி வரும். இடம் காலியா கிடக்காது. டேப் வந்த பிறகுதான் நீங்க எல்லாத்துக்கும் சீட் நம்பர் போட ஆரம்பிச்சீங்க" என்றார். யோசித்துப் பார்த்தால் முழுக்கச் சரி. டேப்பில் நேரக்குறியீடு வாரியாக இடம் நிரந்தரம்; ஒன்றை எடுத்தால் ஓட்டை விழும். ஃபிலிமில் விழாது. ஆனால் அவரே ஒன்றையும் ஒப்புக்கொண்டார். படத்தில் எத்தனை ஃபிரேம் எடுத்தோமோ அத்தனை ஃபிரேமை ஒலி ரீலிலும் எண்ணி எடுக்காவிட்டால் சிங்க், அதாவது படமும் ஒலியும் ஒத்துப்போவது, போய்விடும். அந்த வேலையைத்தான் இங்கே கோர்வை பார்த்துக்கொள்கிறது.

அவருக்குப் பதில் சொன்னவர் ஒலிக்கலவை செய்யும் தோழி. டிராக் என்பது வெறும் கோடல்ல, முகவரி என்றார். முதல் இரண்டில் வசனம், அடுத்த இரண்டில் சூழல் ஒலி, அதற்குக் கீழே இசை என்று வந்தால், பார்த்த மாத்திரத்தில் வேலையைத் தொடங்கிவிடுவார். முகவரி இல்லாமல் ஒரு மூட்டையாக வந்தால் பிரித்து அடுக்குவதிலேயே ஒரு நாள் போகும்.

தனியாக வேலை செய்யும் இளைஞர் ஒருவருக்கு இதில் எந்தச் சிக்கலும் இல்லை. வெட்டாத மூலப்படமான ரஷ்ஷுக்குக் குறிச்சொல் போட்டுத் தேடலாம், ஒரு நாள் வேலை அரை நாளில் முடிகிறது, எனக்கு வேறென்ன வேண்டும் என்று கேட்டார். ஆனால் அவரும் ஒரு குறை சொன்னார். இணைத்திருக்கும் வட்டில் உள்ள எல்லா நிகழ்வுகளும், அதாவது மூலப்படத்தைத் தொகுத்துவைக்கும் கோப்புறைகளும், திரையில் வரிசையாக வந்து நிற்கின்றன. எதையும் மூடிவைக்க வழியில்லை. ஒரு வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு திறந்தால் அவருடைய போட்டியாளரின் படமும் தெரிகிறது. ஒவ்வொரு முறையும் கோப்புறையை வேறு இடத்துக்கு மாற்றி ஒளித்துவைத்துவிட்டுத்தான் மென்பொருளைத் திறக்கிறாராம்.

அன்று எனக்குப் புரிந்தது இதுதான். சண்டை வயதைப் பற்றியதும் இல்லை, திறமையைப் பற்றியதும் இல்லை. வேலை தன் மேசையிலேயே முடிந்துவிடுகிறவர்களுக்குப் புதியது பிடித்தது. தான் வெட்டியதை இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டியவர்களுக்கு அது கதவில்லாத வீடாக இருந்தது. ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனின் வடிவமைப்பைப் பற்றி நல்லவிதமாக வாதாடியிருக்கலாம், அதற்குத் தகுதியான விஷயம்தான். வெளியே போக வழி இல்லாததால் வந்த கோபம் அதையும் சேர்த்து அடித்துவிட்டது. ஆப்பிளின் வீட்டு உபயோக எடிட்டிங் மென்பொருளான ஐமூவியை வைத்து, "ஐமூவி புரோ" என்ற கேலிப்பெயரை அந்தக் கூட்டத்தில் எத்தனை முறை சொன்னார்கள் என்று எண்ணவில்லை. மூன்றாம் முறைக்குப் பிறகு தலைவர் அந்தச் சொல்லைத் தடை செய்தார். அதன் பிறகுதான் அதிகம் கேட்டது.

ஜூலை கூட்டத்தைச் சிரிப்போடு தொடங்கலாம் என்று, அமெரிக்கத் தொலைக்காட்சியின் கோனன் ஓ'பிரையன் நிகழ்ச்சியின் எடிட்டர்கள் இந்த மென்பொருளைக் கிண்டலடித்துச் செய்த துண்டைப் போட்டுக் காட்டினோம். பிறகு ஆப்பிள் வெளியிட்ட கேள்வி பதில்களைப் படித்தோம். மல்ட்டிகேம் வரும், எக்ஸ்.எம்.எல். வழி சில வாரங்களில் வரும், பழைய பிராஜெக்டைத் திறக்க மட்டும் வழி இல்லை என்றிருந்தது. போட்டியாளர்கள் சும்மா இருப்பார்களா? அடோபி பாதி விலைக்கு வா என்றது. ஏவிட் நிறுவனம் தன் படத்தொகுப்பு மென்பொருளான மீடியா கம்போசரை இடம் மாறுகிறவர்களுக்கு 995 டாலருக்குத் தந்தது. பிரீமியர் புரோ நம் பழைய எக்ஸ்.எம்.எல்.லைப் படிக்கும், ஃபைனல் கட்டின் விசைக்குறுக்குகளையே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். சிலர் அந்த மாதமே மாறினார்கள். அவர்களைக் கட்சி மாறியவர்கள்போல் யாரும் பேச வேண்டாம் என்று செயற்குழு கேட்டுக்கொண்டது, மறுபடியும் கேட்டுக்கொள்கிறது. இது எடிட்டர்கள் சங்கம். எந்த மென்பொருளின் ரசிகர் மன்றமும் அல்ல.

கண்டனக் கடிதம் அனுப்ப வேண்டும் என்ற தீர்மானமும் அன்றுதான் வந்தது. கைதூக்கச் சொன்னால் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். தலைவர் அனுப்பலாம் என்ற பக்கம் சாய்ந்தார். வரைவு எழுத ஐந்து பேர் குழு. ஐந்து பேரும் எடிட்டர்கள், நடந்ததை ஊகித்துக்கொள்ளலாம். ஒருவர் எழுதுவார், இன்னொருவர் வெட்டுவார், மூன்றாமவர் முடிவை ஆரம்பத்துக்குக் கொண்டுவருவார். என் கணினியில் அந்தக் கோப்பு "ஃபைனல்", "ஃபைனல் 2", "ஃபைனல் கடைசி", "ஃபைனல் கடைசி திருத்தியது" என்று நான்கு அவதாரங்களில் இருக்கிறது. ஒருவழியாக எல்லோரும் ஒப்புக்கொண்ட வேளையில் செப்டம்பர் 20 ஆகிவிட்டது. அன்று 10.0.1 பதிப்பு வந்து, கடிதத்தின் முதல் பத்தியில் கேட்டிருந்த எக்ஸ்.எம்.எல்.லைக் கொடுத்துவிட்டது. கடிதம் போகவில்லை. தபால் செலவு என்று கணக்கில் எதுவும் இல்லாததற்கு இதுவே காரணம் எனப் பொருளாளர் சார்பில் தெரிவிக்கிறேன்.

அதே பதிப்பில் ரோல்ஸ் என்ற ஒன்றும் வந்தது. ஒவ்வொரு கிளிப்புக்கும் இது வசனம், இது இசை, இது ஒலிவிளைவு என்று பெயர் ஒட்டிவிட்டால், வெளியே அனுப்பும்போது அந்தப் பெயர்வாரியாகத் தனித்தனி ஒலிக்கோப்புகளாகப் பிரித்துத் தரும். ஒலிக்கலவைத் தோழியிடம் காட்டினோம். "முகவரி கேட்டேன், கழுத்துல பெயர் அட்டை மாட்டி அனுப்பியிருக்காங்க. பரவாயில்லை, ஆளையாவது அடையாளம் தெரியுது" என்றார். பெயர் ஒட்ட மறக்கும் எடிட்டர்களை என்ன செய்வது என்றும் கேட்டார். இதற்கு நம்மிடம் பதில் இல்லை.

ஜனவரி 31 அன்று வந்த 10.0.3 பதிப்பில்தான் பலருக்கு மனம் மாறத் தொடங்கியது. மல்ட்டிகேம் திரும்பியது, 64 கோணங்கள் வரை. ஒளிபரப்பு மானிட்டர் வசதியும் சோதனை நிலையில் வந்தது. பிப்ரவரி கூட்டத்தையே நான்கு கேமராவில் எடுத்து அங்கேயே சோதித்தோம். கேமராக்களில் நேரக்குறியீடு ஒத்துப்போகவில்லை. நான்கிலும் பதிவான ஒலியை ஒப்பிட்டு மென்பொருளே சிங்க் செய்துவிட்டது. ஜூன் கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசிய உறுப்பினர் சுட்டியை என் கையிலிருந்து வாங்கி, தானே கோணம் மாற்றி மாற்றி வெட்டிப் பார்த்தார். பத்து நிமிடம் தரவில்லை. கடைசியில் எழுந்தபோது, "எல்லாம் சரி, டிராக் எங்கே?" என்றார்.

பழைய பிராஜெக்டைப் புதியதற்குக் கொண்டுபோகும் வழியை ஆப்பிள் தரவில்லை. இன்டெலிஜென்ட் அசிஸ்டன்ஸ் என்ற சிறு நிறுவனம் 7டுஎக்ஸ் என்ற மாற்றியை வெளியிட்டது. வெட்டுகள் ஒழுங்காக வருகின்றன. எஃபெக்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. முடியவே முடியாது என்று சொன்ன காரியத்தைச் சிறிய ஆள் ஏழு மாதத்தில் முக்கால்வாசி செய்து காட்டியது, எனக்கு இந்த ஆண்டின் மிகச் சுவையான செய்தி.

இத்தனைக்கும் நடுவில் உருப்படியாகச் செய்த ஒன்று காப்பகக் குழு. உறுப்பினர்கள் தங்கள் பழைய பிராஜெக்ட் ஒவ்வொன்றையும் ஃபைனல் கட் புரோ 7இல் திறந்து எக்ஸ்.எம்.எல்., இ.டி.எல். இரண்டையும் எடுத்து, முடிந்த படத்தோடு சேர்த்து இரண்டு வட்டுகளில் வைக்க வேண்டும் என்று அந்தக் குழு வலியுறுத்தியது. பிராஜெக்ட் கோப்பு அதன் சொந்த மென்பொருள் இருக்கும்வரைதான் திறக்கும். இ.டி.எல். வெறும் எழுத்துக்கோப்பு, எந்த ரீல், எங்கிருந்து எதுவரை என்று கண்ணாலேயே படிக்கலாம். பாதிப் பேர் செய்துவிட்டார்கள். மீதிப் பாதி "அடுத்த வாரம்" என்கிறார்கள். நான் செய்தபோது நான்கு பிராஜெக்டுகளில் மூலப்படம் இருந்த வட்டையே காணோம் என்று தெரியவந்தது. அதற்கு எந்த மென்பொருளையும் திட்ட முடியாது.

வேலை நடுவில் மென்பொருள் மாறக் கூடாது, மாறினாலும் பழைய பதிப்பைத் தனி வட்டில் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்றும் செயற்குழு பரிந்துரைக்கிறது. வரும் ஆண்டுக்கான நிர்வாகிகள் தேர்தல் இந்தக் கூட்டத்தின் முடிவில் நடக்கும். செயலாளர் பதவிக்கு நான் மறுபடி நிற்கவில்லை. செயல்விளக்கம் தரத் தெரிந்த யாராவது வரட்டும். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சங்க அறையின் மூலையில் இருக்கும் பழைய கணினியில் ஃபைனல் கட் புரோ 7 இன்னும் ஓடுகிறது. பழைய பிராஜெக்ட் திறக்க வேண்டியவர்கள் குறிப்பேட்டில் பெயரெழுதிவிட்டுப் பயன்படுத்தலாம். திரையின் ஓரத்தில் "அப்டேட் செய்யாதீர்கள்" என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். அதைப் போன மாதம் யாரோ கிழித்துவிட்டார்கள். மறுபடி ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்