ரிமோட் கார் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

மழை நாட்கள் நீங்கலாக ஞாயிறு ஓட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். என் அறிக்கையில் பெரும்பகுதி பினியனை, அதாவது மோட்டார் தண்டில் மாட்டும் சின்னப் பற்சக்கரத்தைப் பற்றித்தான். இந்த ஆண்டு கருகிய மோட்டார்களில் அநேகமாக எல்லாமே பொருந்தாத கியரால் போனவை.

நம்மில் பலர் ஓட்டுவது டாமியா நிறுவனத்தின் டிடி-02 (TT-02) கார். பெட்டியில் வரும்போது மோட்டார் தண்டிலுள்ள பினியனுக்கு 22 பல், அது சுழற்றும் பெரிய பற்சக்கரமான ஸ்பர் கியருக்கு 70 பல். 70-ஐ 22-ஆல் வகுத்து, ஸ்பருக்கும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள கியர்களின் உள் விகிதமான 2.6-ஆல் பெருக்கினால் 8.27 வரும். மோட்டார் 8.27 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். ஸ்பரை 68 ஆக்கி 25 பல் பினியன் போட்டால் 7.07. இந்த எண் குறையக் குறைய உச்ச வேகம் கூடும், மோட்டாரின் சுமையும் கூடும். டயர் பெரிதானாலும் விளைவு இதேதான்.

கத்திரி வெயிலில் ஒரு ஞாயிறு, பள்ளி மாணவர் ஒருவர் அந்த 7.07 கியரோடு வந்தார். நம் ட்ராக்கில் நேர்பாதை குட்டை. மோட்டார் வேகம் பிடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். சுமையோடு மெதுவாகச் சுற்றும் மோட்டார் கரண்டை அதிகம் இழுக்கும், அதில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். ஐந்தாவது நிமிடத்தில் கருகல் வாடை. பாடியைக் கழற்றினால் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. வயரைப் பற்றவைத்த ஈயம் இளகியிருந்தது. "பெரிய பினியன்னா வேகம்னுதானே சொன்னீங்க அண்ணா?" என்றார். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அடுத்த வாரம் சங்கத்தின் மோட்டாரைக் கொடுத்து, 70 பல் ஸ்பரோடு 19 பல் பினியன் போட்டோம். விகிதம் 9.58. நேர்பாதையில் கொஞ்சம் பின்தங்கினார், ஆனால் ஒவ்வொரு வளைவிலிருந்தும் வண்டி சட்டென்று கிளம்பியது. சுற்று நேரம் குறைந்தது. ஓட்டம் முடிந்ததும் மோட்டாரில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு எங்கள் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

அப்புறம் செயற்குழு கூடி எடுத்த முடிவு: பினியனை ஒவ்வொரு பல்லாகத்தான் கூட்ட வேண்டும். இரண்டு நிமிடம் ஓட்டி, மோட்டாரின் சூட்டைப் பார்க்க வேண்டும். 80 டிகிரியை நெருங்கினால் பழைய பினியனுக்கே திரும்ப வேண்டும். மோட்டாரை நகர்த்திப் பொருத்தும் வண்டிகளில், இரு கியருக்கும் இடையே மெல்லிய காகிதத் துண்டு வைத்து மோட்டாரின் திருகை முடுக்கினால் இடைவெளி சரியாக அமையும்.

தொடாமலே சூடு காட்டும் வெப்பமானி ஒன்றைச் சங்கச் செலவில் வாங்க இப்பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்