சுற்றுகிற சிறை

கிராஃபோர்ட்ஸ்வில், இண்டியானா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். பனி இன்னும் விட்டபாடில்லை. லேத் பட்டறைக்காரரான உங்களுக்கு இந்த ஊர்ப் பழைய கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) சிறையைப் பற்றி எழுதாமல் எப்படி? சிறையே சுற்றும்!

1882-இல் கட்டி முடித்தது. செங்கல் கட்டடத்துக்குள் இரண்டு அடுக்கு இரும்பு உருளை. அடுக்குக்கு எட்டு அறை, தர்பூசணிக் கீற்று மாதிரி நடுவில் குறுகி வெளியே அகன்றிருக்கும். சுற்றிலும் அசையாத கம்பிக்கூண்டு, அதில் அடுக்குக்கு ஒரே வாசல். காவலர் கைப்பிடியைச் சுற்றினால் பல்சக்கரம் உருளையைத் திருப்பும். வேண்டிய அறை வாசலுக்கு நேரே வந்ததும் நிறுத்துவார். மற்றவர்களுக்கு எதிரே கம்பிதான்.

காகிதத்தில் அழகான யோசனை. கம்பிக்கு வெளியே கை நீட்டியவனுக்கு எலும்பு நொறுங்கியது. தீப்பிடித்தால் எட்டு அறைக்கு ஒரே வழி. 1930-களின் இறுதியில் சுற்றுவதை நிறுத்திவிட்டார்கள். 1973 வரை கைதிகள் இருந்தார்கள், 1975 முதல் அருங்காட்சியகம். அயோவாவில் மூன்றடுக்குச் சிறை ஒன்று நிற்கிறது, ஆனால் திரும்பாது. இன்னும் சுற்றுவது இது ஒன்றுதான்.

இப்படிப்பட்டதைக் காப்பதில் இரும்பைவிடச் சுவரே பெரிய தலைவலி. அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கினால் அச்சு சாயும், பல் இறுகும். பழைய செங்கல் மென்மையானது. இணைப்பில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கலுக்குள்ளேயே தங்கி, பனியில் உறைந்து, முகத்தைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். காரையை எடுக்கக் கிரைண்டர் வைத்தால் செங்கல் ஓரம் போய்விடும். அதனால் பழைய காரையைச் சிற்றுளியால் ஓர் அங்குல ஆழம் சுரண்டி, நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து அடைக்க வேண்டும். பிறகு பல நாள் ஈரச்சாக்கு மூடியிருக்க வேண்டும். நம்மூர்க் கொத்தனாருக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். உலர்ந்த உப்புத்தாள் போட்டால் தூசி நுரையீரலுக்குப் போகும், நனைத்துத்தான் சுரண்ட வேண்டும். துருவை மறைத்துப் பெயின்ட் அடிப்பது வீண். தகடு இரண்டு சேரும் இடத்தில் உள்ளே துரு உப்பி ஆணியையே பிய்க்கும்.

வார்ப்பிரும்புப் பல் உடைந்தால் என்ன செய்வீர்கள்? முன்கூட்டிச் சூடேற்றி, நிக்கல் ராடில் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றவைத்து, சாம்பலில் புதைத்து ஆறவிடுவீர்கள்தானே? அவசரப்பட்டால் பக்கத்திலேயே விரிசல் விடும். வேலை செய்யும் இயந்திரத்தில் கீழே விழுந்த ஆணியைக்கூட எறியாமல், எங்கிருந்து விழுந்தது என்று எழுதி வைக்க வேண்டும்.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
குமார்