நாலு மணி அலாரம்

அன்புள்ள கீழ்வீட்டு அக்காவுக்கு,

நேரில் சொல்ல இரண்டு தடவை இறங்கி வந்தேன். இரண்டு தடவையும் காபியைக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் ப்ளஸ் டூ பிள்ளையை விடிகாலையில் தட்டி எழுப்பும் வீடு உங்களுடையது மட்டுமா என்ன?

உங்கள் வீட்டு அலாரம் நாலு மணிக்கு எனக்கும் கேட்கிறது. பாப்பா அறை விளக்கு அணைவது பன்னிரண்டரைக்கு. போன மாதம் வலிப்பு வந்து குளியலறை வாசலில் விழுந்தாளே, அதற்குத்தான் மாத்திரை கொடுக்கிறோமே, இனி என்ன பயம் என்கிறீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

அவள் விழுவதற்குச் சில நாள் முன்னால் வாசலில் தலை வாரிக்கொண்டிருந்தாள். கை ஒரு வெட்டு வெட்டியது. சீப்பு பறந்து துளசி மாடத்தில் போய் விழுந்தது. "கை நிக்குதா பாரு, நெனப்பெல்லாம் எங்கியோ" என்று திட்டினீர்கள். அந்த வெட்டு எனக்குப் பழசு. பதினாறு வயதில் என் கையிலிருந்து எத்தனை டம்ளர் பறந்திருக்கும்! நல்லவேளை, எல்லாம் எவர்சில்வர்.

சித்தி கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி மண்டபத்தில் ஒரே அரட்டை. விடியும் நேரத்தில் கண்ணயர்ந்தவளை, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு என்று உலுக்கி எழுப்பினார்கள். பூ வைத்துக்கொள்ளும்போது கை இரண்டு மூன்று தடவை வெட்டியது. அப்புறம் கண் திறந்தால் நாக்கில் ரத்தம், உள்ளங்கையில் யாரோ திணித்த சாவிக்கொத்து. (சாவிக்கு ஒரு சக்தியும் கிடையாது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108.)

கோரிமேட்டு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் முதல் தடவை எடுத்த ஈ.ஈ.ஜி.யில் (மூளையின் மின் அலையைத் தாளில் பதிவு செய்யும் பரிசோதனை) ஒன்றும் தெரியவில்லை. அடுத்த தடவைக்கு, "ராத்திரி தூங்காம வாங்க, தலைக்கு எண்ணெய் வேணாம்" என்றார்கள். அப்பாவும் நானும் விடிய விடியத் தாயம் ஆடினோம். பாண்டிச்சேரி பஸ்ஸில் என் தலை சாயும்போதெல்லாம் அப்பா ஒரு கடலை மிட்டாயை நீட்டுவார். அங்கே போய்த் தலை முழுக்கப் பசை தடவி ஒயர் ஒட்டியதும், "இப்ப தூங்கும்மா" என்றார்கள். அன்றைக்குத் தாளில் எல்லாம் வந்துவிட்டது.

தூக்கத்தைப் பறித்தால் ஒளிந்திருக்கும் வலிப்பு அலை மேலே வரும். அதற்காகத்தான் அந்தப் பரிசோதனையை அப்படிச் செய்கிறார்கள். வலிப்பை வரவழைத்துப் பார்க்க ஆஸ்பத்திரியில் ஒரு நாள் செய்ததை, உங்கள் வீட்டில் தினமும் செய்கிறீர்கள் அக்கா.

என் சீட்டில் ஜே.எம்.இ. என்று எழுதினார்கள். ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்ஸி, கை இப்படித் திடீரென்று வெட்டும் வலிப்பு. பெரும்பாலும் 12 வயதுக்கும் 18 வயதுக்கும் நடுவில் தலைகாட்டும் வகை. கண் விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளை நரம்புகள் லேசில் தூண்டப்படும் நிலைக்கு வந்துவிடும். எழுந்த முதல் ஒரு மணி நேரம்தான் கண்டம், அதுவும் பாதித் தூக்கத்தில் எழுப்பினால் இன்னும் மோசம். எல்லா வலிப்பும் தூக்கத்துக்கு இவ்வளவு கறாராகக் கணக்குக் கேட்பதில்லை. இது கேட்கும். மாத்திரை ஒழுங்காகப் போட்டாலும் கேட்கும்.

பாப்பாவுக்கும் அதேதான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் விழுந்ததை மட்டும் டாக்டரிடம் சொன்னீர்களே, கை வெட்டுவதைச் சொன்னீர்களா? கார்பமசெபின் மாதிரி சில வலிப்பு மாத்திரைகள் இந்த வகையில் வெட்டை அதிகமாக்கிவிடும். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து.

நாளைக்கு இவளை யார் கட்டுவார்கள் என்று மறைக்கிறீர்களோ? இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பைக் கல்யாணத்துக்குத் தடையாகச் சொல்லியிருந்த வார்த்தையையே 1999இல் எடுத்துவிட்டார்கள். எனக்கும் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், உங்களுக்கே தெரியும்.

விடிகாலைப் படிப்புதான் மனதில் நிற்கும் என்பீர்கள். பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால் நிற்காதா? தூங்கி வழிகிற பிள்ளை பக்கத்தைத்தான் புரட்டும். நேற்று புத்தகத்தின் மேலேயே தூங்கிவிட்டாள், ராத்திரி மாத்திரை போடவில்லை என்று நீங்களே சொன்னீர்கள்.

வியாழக்கிழமை நான் மாத்திரை வாங்கப் பாண்டிச்சேரி போகிறேன். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு நீங்களும் வாருங்கள். அதற்குள் காலையில் கை வெட்டினால் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். வாயால் பத்துத் தடவை சொல்வதைவிட டாக்டருக்கு அது உதவும். பழைய சீட்டு, மாத்திரை அட்டை எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாடி வீட்டுத் தங்கை