மேஜைக்கு அடியில் ஒரு எக்ஸ்சேஞ்ச்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பணம் வந்து சேர்ந்திருக்கும். போனில் சொன்னால் அம்மா பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவாள் என்பதால் இதை எழுதுகிறேன்.

நியூ ஜெர்சியில் குளிர் ஆரம்பித்துவிட்டது. நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது, வெளியே போக மனசு வருவதில்லை. சனி, ஞாயிறு என்றால் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரோடு பேஸ்மென்ட்டில்தான் பொழுது போகிறது. எண்பதை நெருங்கும் வயசு, தனி ஆள். அவரிடம் 1960களில் சிகாகோவில் செய்த ஒரு பின்பால் மெஷின் இருக்கிறது. சாய்வான மேஜையில் ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் இரும்புக் குண்டு மேலே ஓடி, ரப்பரில் முட்டி மோதிக் கீழே வரும். அது குழிக்குள் போகாமல் பட்டனைத் தட்டித் தட்டித் திருப்பி அடிக்க வேண்டும். ஆட்டத்துக்கு ஐந்து குண்டு. எதிரே நிற்கும் கண்ணாடியில் டிவி வினாடி வினா படம்: மைக் பிடித்த கோட்டுக்காரர், கூண்டுக்குள் ஹெட்போனோடு திருதிருவென்று முழிக்கிற ஒரு ஆள்.

போன வாரம் மேஜைப் பலகையைத் தூக்கி உள்ளே காட்டினார். நீங்கள் பார்த்திருக்க வேண்டும் அப்பா! சிப் கிடையாது, போர்டு கிடையாது. துணி சுற்றிய ஒயர், வரிசையாக, காந்தத்தால் இழுபடும் ரிலே சுவிட்சுகள், ஒவ்வொரு மின் துடிப்புக்கும் ஒரு பல் நகரும் ஸ்டெப்பர். மதுரை ஸ்ட்ரௌஜர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உங்கள் நைட் டியூட்டிக்குச் சாப்பாடு கொண்டுவரும்போது கேட்குமே, அதே சடசட. ஐம்பது பாயின்ட் கிடைத்தால் ஒரேயடியாக ஏறாது. ஒரு மோட்டார் சுற்றி ஐந்து துடிப்பு அனுப்பும். எண் சக்கரம் ஐந்து தடவை நகரும், மணியும் ஐந்து தடவை அடிக்கும். பழைய போன் டயலில் 5 சுற்றினால் நடப்பதேதான். அவர் விளக்குவதற்குள் நானே சொல்லிவிட்டேன், மனுஷன் அசந்துபோனார். மெஷினை ஆட்டி ஏமாற்றவும் வழியில்லை. உள்ளே ஒரு தூக்குக்குண்டு தொங்குகிறது. அது சுற்றியுள்ள வளையத்தில் பட்டால் ‘டில்ட்’, ஆடிக்கொண்டிருக்கும் குண்டு அவ்வளவுதான்.

இந்தப் பின்பாலைத்தான் நியூயார்க்கில் 1942-ல் சூதாட்டம் என்று தடை செய்தார்கள். மேயர் லா கார்டியாவே சம்மட்டியால் மெஷின்களை உடைத்துப் போட்டோவுக்கு நின்றாராம். 1976-ல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர சபைக்காரர்கள் முன்னால், குண்டு எந்த வழியில் இறங்கும் என்று சொல்லிவிட்டு அப்படியே அடித்துக் காட்டிய பிறகுதான் தடை நீங்கியது.

அதே ஊரிலிருந்து 1956-ல் ‘ட்வென்டி ஒன்’ என்ற டிவி வினாடி வினா வந்தது. கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் சார்ல்ஸ் வான் டோரன் அதில் 1,29,000 டாலர் ஜெயித்தார். புரூக்ளினில் வளர்ந்த நம் வீட்டுக்காரரை அவர் அம்மா, “பின்பால் பின்பால்னு அலையாதே, அந்தப் பிள்ளையைப் பார், எவ்வளவு படிச்சிருக்கு!” என்று திட்டுவாராம். (அம்மாக்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.) 1959-ல் அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டி முன்னால் அந்தப் பிள்ளையே ஒப்புக்கொண்டார், விடைகளை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள் என்று. எதிரே ஆடிய ஹெர்பர்ட் ஸ்டெம்பெல், தெரிந்த விடையையே தப்பாகச் சொல்லித் தோற்கவைக்கப்பட்டவர். இப்படி ஏமாற்றுவது குற்றம் என்று 1960-ல் சட்டமே வந்தது.

எனக்கென்னவோ சம்மட்டி தப்பான பெட்டி மேல் விழுந்ததாகவே படுகிறது. மெஷினில் சூது இருந்தால் சர்க்யூட் படத்தை விரித்து, ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்க் கண்டுபிடித்துவிடலாம். அதிர்ஷ்டமும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை: கடைசியில் எரியும் எண் நம் ஸ்கோரின் கடைசி இலக்கத்தோடு பொருந்தினால், பெட்டிக்குள் ‘டொக்’கென்று ஒரு அடி, ஒரு ஓசி ஆட்டம்.

இப்போது உங்களிடம் ஒரு சந்தேகம். ஒரு ரிலே கரன்ட் நின்ற பிறகும் பிடித்த பிடியை விடுவதில்லை. கான்டாக்ட்டைத் தேய்த்துப் பார்த்தாகிவிட்டது. ஸ்பிரிங்கை இறுக்க வேண்டுமா, ஆர்மெச்சர் தகடு காந்தத்தோடு ஒட்டாமலிருக்க நடுவில் எதையாவது வைப்பீர்களா? ஞாயிற்றுக்கிழமை போனை அம்மாவிடம் கொடுத்துவிடாமல் நீங்களே பேசுங்கள். வீட்டுக்காரரும் பக்கத்தில் இருப்பார்; உங்கள் எக்ஸ்சேஞ்ச் இங்கிலீஷ் அவருக்கு நன்றாகவே புரியும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்