பேத்திக்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறது, எனக்கு?

பெருநகர சென்னை மாநகராட்சியின் பொது சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன், வயது 68. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். அதனால் புதன்கிழமை தடுப்பூசி என்றால் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவது நான்தான். போன மாதம் 9 மாத ஊசி. தட்டம்மை ஊசியைப் பிறந்தவுடனே போடாமல் ஏன் இத்தனை மாதம் காக்க வைக்கிறீர்கள் என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். அத்தனை கூட்டத்திலும் பொறுமையாகச் சொன்னார். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்கு இறங்குகிறதாம். அது இருக்கும்வரை பிள்ளையைக் காக்கும், ஆனால் ஊசி மருந்தையும் வேலை செய்ய விடாது. அது கரைகிற நேரம் பார்த்துத்தான் போட வேண்டுமாம்.

எவ்வளவு கணக்கான வேலை! 6, 10, 14 வாரம், 9 மாதம், 16 மாதத்துக்கு மேல் ஒன்று, 5 வயதில் ஒன்று, 10, 16 வயதில் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடும் டிடி ஊசி. அத்தோடு வழக்கமான அட்டவணை முடிந்தது. அப்புறம் கர்ப்பிணிகளுக்கு மட்டும்தான். 68 வயதுக்காரனுக்கு அதில் ஒரு கட்டமும் இல்லை.

சில நோய்களுக்குக் கிழவர்கள் பயப்பட வேண்டாம், உண்மைதான். வட அட்லாண்டிக்கில் ஃபாரோ தீவுகள் என்று இருக்கின்றன. அங்கே 1781-ல் தட்டம்மை வந்து போனது. 1846-ல் மறுபடி வந்தபோது தீவுக்காரர்களில் பெரும்பாலோர் படுத்துவிட்டார்கள். 65 வருடம் முன்னால் அதைக் கண்ட முதியவர்களை மட்டும் தொடவில்லை. பானும் என்ற இளம் டென்மார்க் மருத்துவர் ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதி வைத்தது இது. ஆனால் எல்லா நோயிலும் உடம்புக்கு இந்த ஞாபகம் நிற்பதில்லை. தொண்டை அடைப்பான், ரண ஜன்னி ஊசிகளின் பலம் வருடங்கள் போகப் போகத் தேய்கிறது. ஃப்ளூவோ அடிக்கடி வேஷம் மாற்றுகிறது. மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிதான் கிருமியை எதிர்க்கும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களைப் புதிதாகப் பழக்கி அனுப்பும் இடம். எங்கள் வயதில் அங்கே பெரும்பாலும் கொழுப்புதான் மிச்சம். புதுக் கிருமியை எதிர்க்கப் பழகுவதும் சிரமம், பழைய கிருமியை அடக்கி வைத்திருந்த பிடியும் தளர்கிறது.

போன வருடம் என் மனைவிக்கு அக்கி வந்தது. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் இத்தனை காலம் நரம்பில் ஒளிந்திருந்திருக்கிறது. 'அக்கி எழுதிக்கோங்க' என்றார்கள். காவியால் எழுதியும் ஆயிற்று. கொப்புளம் ஆறியது, எரிச்சல் மட்டும் நான்கு மாதம் தூங்க விடவில்லை. இதற்குத் தடுப்பூசி உண்டு என்பதே எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. தனியாரில் விலை கேட்டோம், பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

சரி, அவ்வளவு விலை உயர்ந்ததை நான் கேட்கவில்லை. சென்னையில் ஃப்ளூ வடகிழக்குப் பருவமழையோடு ஏறுகிறது. அதற்கு முன்னால், செப்டம்பர் புதன்கிழமைகளில், 60 தாண்டியவர்களுக்கு ஃப்ளூ ஊசி போடுங்கள். 10 வருடத்துக்கு ஒரு டிடியும் போடுங்கள், அது உங்கள் குளிர்பெட்டியில் ஏற்கெனவே இருக்கிறது. யாரைக் கூப்பிடுவது என்று தேட வேண்டாம். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிகளே நிறையப் பேர். வர முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவரும் பெண்கள் சொல்லிவிடுவார்கள்.

கிழட்டு உடம்பில் ஊசி அவ்வளவாகப் பிடிக்காதே என்று கேட்பீர்கள். இளவட்டங்களுக்குப் பிடிக்கிற அளவு பிடிக்காதுதான். ஆனால் காய்ச்சலில் விழுந்தாலும் ஆஸ்பத்திரிப் படுக்கை வரை போகாமல் தப்பும் வாய்ப்பு கூடும், எங்களுக்கு அது போதும். இன்னொன்று, அமெரிக்காவில் 2000-ல் குழந்தைகளுக்கு நியூமோகாக்கல் ஊசி (நிமோனியா தரும் ஒரு கிருமிக்கு எதிரானது) தொடங்கிய பிறகு, ஊசி போடாத முதியவர்களிடமும் அந்த நோய் குறைந்தது. 2021 முதல் நம் பிள்ளைகளுக்கும் அதைப் போடுகிறீர்கள். ஆக, பேத்தியின் ஊசியில் எனக்கும் கொஞ்சம் பங்கு வந்துவிட்டது, அதற்கு நன்றி.

அவளுக்கு அடுத்த ஊசி 16 மாதம் முடிந்த பிறகு. அன்றைக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு வருவேன். அரைக்கைச் சட்டையோடு வருகிறேன்.

இப்படிக்கு,
பெரம்பூர் தாத்தா ஒருவர்